தம்பிக்கு பி.இ. சீட்டா, ஐடிஐயில் ஏசி மெக்கானிக்கா? வீட்டில் பேச்சே நின்றுவிட்டது

வியாசை அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். வியாசர்பாடியில் இருக்கிறோம். அப்பாவுக்கு பிராட்வேயில் ஒரு ஹார்டுவேர் கடையில் வேலை. நான் பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். தம்பி இந்த வருடம் பிளஸ் டூ முடித்தான். மேக்ஸ் பயாலஜி குரூப், 600க்கு 371. அந்த மார்க்குக்கு கவுன்சலிங்கில் சொல்லிக்கொள்கிற மாதிரி காலேஜ் கிடைக்காது. அப்பா ஸ்ரீபெரும்புதூர் தாண்டி ஒரு காலேஜில் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் மெக்கானிக்கல் சீட் பேசிவிட்டு வந்திருக்கிறார். பஸ் கட்டணம் இல்லாமலே வருடத்துக்கு ஒன்றரை லட்சம். அம்மா வளையலையும் என் செயினையும் அடகு வைத்து முதல் வருடத்தைக் கட்டிவிடலாம், மீதிக்கு பேங்க் லோன் என்கிறார்.

தம்பி ஐடிஐயில் ஏசி மெக்கானிக் படிக்கிறேன் என்கிறான். எங்கள் தெரு அண்ணன் ஒருவரோடு கோடை லீவில் சர்வீஸுக்குப் போய் வருவான், விளையாட்டாகச் சொல்லவில்லை. "ஏணி தூக்குறதுக்கா உன்னை இவ்வளவு நாள் படிக்க வெச்சேன்" என்று அப்பா கத்தியதிலிருந்து இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் யார் பக்கம் நிற்பது? துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர் வாத்தியார்:
தம்பி ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியா? அப்படியென்றால் 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் கவுன்சலிங் மூலம் சேரலாம். படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் இரண்டையும் அரசே கட்டும். அது இருக்கும்போது மேனேஜ்மெண்ட் கோட்டா பக்கமே போகாதீர்கள்.

வியாசை அக்கா:
இல்லை சார், அரசு உதவிபெறும் பள்ளி. அந்த ஒதுக்கீட்டில் வராது என்று சொல்லிவிட்டார்கள். நான் டிகிரி முடித்ததால் முதல் பட்டதாரி சலுகையும் அவனுக்குக் கிடையாது.

பெரம்பூர் வாத்தியார்:
சரிம்மா. உதவிபெறும் பள்ளியானாலும் தமிழ் வழியில் படித்திருந்தால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். ஐடிஐ சேர்ந்தாலும் உண்டு. அதை விட்டுவிடாதீர்கள்.

வில்லிவாக்கம் ஏசி:
தங்கச்சி, நான் ஐடிஐயில் இதே டிரேடு படித்தவன். இப்போது வில்லிவாக்கத்தில் சர்வீஸ் கடை நடத்துகிறேன். அப்பா கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவர் கண்ணில் படுவதெல்லாம் மே மாத வெயிலில் மூன்றாவது மாடி சன்ஷேடில் உட்கார்ந்து அவுட்டோர் யூனிட்டைக் கழற்றும் பையன்தான். தோள்பட்டை போகும், முட்டி போகும், கயிறு கட்டாமல் ஏறினால் உயிரும் போகும். இதை மறைத்துப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

ஆனால் தொழில் நிறைய மாறிவிட்டது. முன்னால் ஆர்-22 என்ற பழைய குளிரூட்டும் கேஸ், பழைய கம்ப்ரெஸர், கெப்பாசிட்டர் மாற்றத் தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம். இப்போது வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர் ஏசி. அதன் எலெக்ட்ரானிக் போர்டில் எங்கே வோல்டேஜ் நிற்கிறது என்று மல்டிமீட்டரை வைத்துப் படிக்கத் தெரிய வேண்டும். இப்போது வரும் ஆர்-32 தீப்பிடிக்கக்கூடிய கேஸ். காப்பர் பைப்பை பிரேஸிங் செய்ததும் (சூடாக்கி உலோகம் உருக்கி ஒட்டியதும்) நைட்ரஜன் ஏற்றி லீக் பார்க்க வேண்டும், வேக்யூம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும், அப்புறம் தராசில் எடை பார்த்து கேஸ் ஏற்ற வேண்டும். ஊரில் பலபேர் வேக்யூமே போடாமல் கேஸை அடித்துவிட்டுப் போகிறார்கள், அடுத்த சீசனில் கம்ப்ரெஸர் படுத்துவிடுகிறது. முறையாகச் செய்கிறவனுக்கு கஸ்டமர் தேடிவந்து போன் பண்ணுவார். என் கடையில் ஹெல்பருக்கு 14,000. தனியாக அனுப்பினால் முடித்துவிட்டு வருவான் என்று நம்பக்கூடிய ஆளுக்கு 26,000, அதற்கு மேலும் தரத் தயார், ஆள்தான் கிடைப்பதில்லை.

பையனிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். தெரு அண்ணனோடு போய்க் கற்றுக்கொண்டால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. வீட்டு ஸ்பிளிட் ஏசி இந்தத் தொழிலின் வாசல்படி மட்டும்தான். ஓஎம்ஆர் ஐடி கட்டடங்கள், பெரிய ஆஸ்பத்திரிகள், சிறுசேரி, அம்பத்தூர் டேட்டா சென்டர்கள் எல்லாம் சில்லரிலும் (தண்ணீரைக் குளிரவைத்துக் கட்டடம் முழுக்க அனுப்பும் பெரிய மெஷின்) விஆர்எஃப்பிலும் (ஒரே அவுட்டோர் யூனிட்டில் பல அறைகளை ஓட்டும் ஏசி) ஓடுகின்றன. அங்கே முதலில் கேட்பது சர்டிஃபிகேட். பத்து வருடம் கைவேலை தெரிந்த ஆளை, பேப்பர் இல்லை என்று திருப்பி அனுப்பியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், மனசு கேட்கவில்லை. இரண்டு வருடம் ஐடிஐ, என்சிவிடி என்கிற தேசிய அளவிலான ஐடிஐ சான்றிதழ், பிறகு கம்பெனியில் அப்ரெண்டிஸ் பயிற்சி முடித்து அதற்கான என்ஏசி சான்றிதழ். இந்த வரிசையை விடக் கூடாது.

வருமானம் மாதாமாதம் ஒரே மாதிரி வராது. மார்ச் முதல் ஜூன் வரை சாப்பிட நேரம் இருக்காது. ஐப்பசி மழை பிடித்தால் போன் அடிக்காது. சீசன் காசை எடுத்து வைக்கத் தெரிந்தவன்தான் கடை போடுகிறான்.

ஒரகடம் எச்ஆர்:
சிஸ்டர், ஏசி அண்ணா சொன்னது சொந்தத் தொழில் பக்கம். கம்பெனி பக்கத்தையும் கேளுங்கள். நான் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன். ஐடிஐ பையன்களை அப்ரெண்டிஸாக எடுப்போம், வருடம் முடிந்ததும் பெரும்பாலானவர்களை அனுப்பிவிட்டு அடுத்த பேட்ச் வரும். நிரந்தரம் ஆகிறவர்கள் கொஞ்சம்தான். எனக்கு இது பிடிக்கவில்லை, ஆனால் நடப்பு இதுதான். அதே லைனில், அதே சம்பளத்துக்கு, அரியர் வைத்த பி.இ. பையன்களும் வந்து நிற்கிறார்கள். அவர்கள் தலையில் கூடவே லோன். படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை தொடங்கிவிடும், வேலை நிரந்தரமா என்று பேங்க் பார்க்காது. மேக்ஸில் தட்டுத்தடுமாறிய பையனை மனசில்லாத மெக்கானிக்கலில் தள்ளுவதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

டிகிரி இல்லாவிட்டால் சில கதவுகள் மூடும் என்பதும் உண்மை. பேங்க் ஆபீஸர், டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2 எல்லாவற்றுக்கும் டிகிரி வேண்டும். ரயில்வே அசிஸ்டெண்ட் லோகோ பைலட்டுக்குப் பத்தாவதோடு ஐடிஐ போதும், ஏசி டிரேடும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டான், அதை யாரும் பிடுங்க முடியாது. வேலை பார்த்துக்கொண்டே சைதாப்பேட்டை திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் டிகிரி எழுதலாம். இன்ஜினியரிங்தான் வேண்டும் என்றால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், தரமணி சென்ட்ரல் பாலிடெக்னிக்கை விசாரியுங்கள். டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் வழி உண்டு. டிகிரி எங்கேயும் ஓடிவிடாது. அடகு போன வளையலை மீட்பதுதான் கஷ்டம்.

வியாசை அக்கா:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எல்லாவற்றையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். லோன் பகுதியை மறுபடி வாசிக்கச் சொன்னார். இன்னும் சரி என்று சொல்லவில்லை. "அந்தப் பெரிய பில்டிங் வேலையை நேரில் பார்க்க முடியுமா, கேளு" என்றார். அண்ணா, முடியுமா? காலேஜில் வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கேட்கிறார்கள்.

வில்லிவாக்கம் ஏசி:
தாராளமாம்மா. அண்ணா நகரில் ஒரு ஆஸ்பத்திரி சில்லர் பிளாண்ட் பராமரிப்பு என் கையில் இருக்கிறது. மேனேஜரிடம் அனுமதி வாங்கி வைக்கிறேன், ஞாயிறு காலை அப்பாவையும் தம்பியையும் சேர்த்தே அனுப்புங்கள். அங்கே வேலை பார்ப்பவர்களிடம் என்ன சம்பளம், எத்தனை வயதில் வந்தீர்கள் என்று அப்பா அவர் வாயாலேயே கேட்கட்டும், நான் நடுவில் பேச மாட்டேன். அதுவரை காலேஜில் பணம் கட்ட வேண்டாம். முக்கியமாக ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டிசியையும் கொடுத்துவிடாதீர்கள், திரும்ப வாங்க அலைய வேண்டியிருக்கும். ஐடிஐ விண்ணப்பத்தை இன்றைக்கே போட்டு வையுங்கள், இந்த டிரேடில் சீட் சீக்கிரம் நிரம்பிவிடும். தம்பியை ஷூ போட்டு வரச் சொல்லுங்கள், செருப்போடு பிளாண்ட் ரூமுக்குள் விட மாட்டார்கள்.