கறிக்கு மாதம் மூவாயிரம் ரூபாய்: இதற்குள் கோழி படும் பாட்டையும் பார்க்க வழி உண்டா?

நொய்யல்கரை (கேள்வி):

எங்கள் வீட்டில் ஐந்து பேர். கறிக்கும் முட்டைக்கும் சேர்த்து மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு மேல் ஒதுக்க இயலாது. ஞாயிறுதோறும் ஒன்றரைக் கிலோ பிராய்லர் (எங்கள் பகுதியில் கிலோ 240 ரூபாய்), மாதம் 90 முட்டை, மாதத்தில் ஒரு நாள் ஒரு கிலோ ஆட்டுக்கறி என்று வாங்கினால் பணம் சரியாகப் போய்விடுகிறது. சென்ற வாரம் கடையில் எட்டு வயது மகளும் உடன் நின்றாள். கூண்டுக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்த கோழிகளைப் பார்த்துவிட்டு, "இது ஏம்மா நிக்கவே மாட்டேங்குது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

சைவத்துக்கு மாறிவிடுங்கள் என்ற அறிவுரையை எதிர்பார்த்து நான் இதைக் கேட்கவில்லை. மாமனார் அதற்கு ஒப்பமாட்டார். எனக்கும் அந்த எண்ணம் இல்லை. நாட்டுக்கோழி உயிர் எடையிலேயே கிலோ 450 ரூபாய் விற்கிறது. ஒன்றரைக் கிலோ கோழியை அறுத்தால் ஏறக்குறைய ஒரு கிலோ கறிதான் தேறுகிறது. அந்த விலைக்கு வாங்கினால் கோழி உண்மையிலேயே நன்றாக வாழ்ந்திருக்குமா, அல்லது என் மனம் மட்டும் ஆறுதல் அடையுமா? பணத்தை எங்கே கூட்டி எங்கே குறைத்தால் பயன் உண்டு என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

கொட்டகைக்காரன்:

பல்லடம் பக்கத்தில் ஒப்பந்த முறையில் கோழி வளர்க்கிறேன். குஞ்சு, தீவனம், மருந்து மூன்றும் நிறுவனத்துடையவை; கொட்டகையும் உழைப்பும் மின்கட்டணமும் என்னுடையவை; வளர்ப்புக் கூலி கிலோ கணக்கில் கிடைக்கும். பண்ணை விலை உயர்ந்தாலும் சரிந்தாலும் என் கூலியில் பெரிய மாற்றம் வராது. ஆகவே கடையில் நீங்கள் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதனால் என் கொட்டகையில் உள்ள கோழிக்கு ஓர் அங்குல இடம்கூடக் கூடுதலாகக் கிடைத்துவிடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகளின் கேள்விக்கும் பதில் உண்டு. ஐந்து, ஆறு வாரத்தில் இரண்டு கிலோவைத் தொடும்படி தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்ட இனம் அது. மார்புச் சதை வளரும் வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுப்பதில்லை. கடைசி வாரத்தில் பல கோழிகள் இரண்டடி நடந்துவிட்டு உட்கார்ந்துவிடும். ஹார்மோன் ஊசி போடுகிறார்கள் என்பது வெறும் கட்டுக்கதை. ஆயிரக்கணக்கான கோழிகளைப் பிடித்து ஊசி போட எவனிடம் ஆளிருக்கிறது? இனமும் தீவனமுமே அந்த வளர்ச்சிக்குக் காரணம். கொட்டகையில் அவை கூண்டில் இருப்பதில்லை, தேங்காய் நார்க் கழிவு பரப்பிய தரையில்தான் வளர்கின்றன. ஆனால் ஒரு கோழிக்கு ஏறக்குறைய ஒரு சதுர அடிதான் இடம். சித்திரை வெயிலில் மின்சாரம் நின்றால் அந்த ஒரு சதுர அடியே அவற்றுக்கு எமனாகிவிடும்.

விலையைவிட விற்கும் கோழிகளின் எண்ணிக்கைக்குத்தான் நிறுவனம் அசைகிறது. புரட்டாசியில் விற்பனை படுத்துவிடும் என்று தெரிந்து, முன்கூட்டியே குஞ்சு விடுவதைக் குறைக்கிறார்கள். அந்தச் சமயத்தில் என் கொட்டகை கூடுதல் நாள் காலியாகக் கிடக்கும். ஆகவே குறைவாக வாங்கினால்தான் பயன் உண்டு. என் பிழைப்புக்கு எதிரான பேச்சுத்தான், ஆயினும் கேட்டதற்கு உண்மையைச் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

சகோதரியின் பட்டியலை ஆண்டுக் கணக்காக்கிப் பார்த்தேன். வாரம் ஒரு பிராய்லர் என்றால் ஆண்டுக்கு 52 கோழிகள். ஒவ்வொன்றின் வாழ்நாளும் ஆறு வாரம். ஆட்டுக்கறி ஆண்டுக்கு 12 கிலோ, அதாவது ஏறக்குறைய ஓர் ஆடு. அது பெரும்பாலும் வெளியில் மேய்ந்து வளர்ந்தது. முட்டை 1,080. ஆண்டுக்கு முந்நூறுக்கு மேல் இடும் கோழிகள் என்று கொண்டால், மூன்று முதல் நான்கு கோழிகள் உங்கள் வீட்டுக்காக ஆண்டு முழுவதும் கம்பிக் கூண்டில் நிற்கின்றன. ஒரு முட்டைக்கு ஒரு பகலும் ஓர் இரவும், அதற்கு மேலும்.

நாமக்கல் வட்டாரத்துக் கூண்டுகளில் ஒரு கோழிக்குக் கிடைக்கும் இடம் நாம் எழுதும் ஏ4 தாளைவிடச் சிறியது. இறகை விரிக்கவோ மண்ணில் குளிக்கவோ வழியில்லை. கூண்டு விலங்கின் அசைவுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும் என்று 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. 2017இல் சட்ட ஆணையம் தன் 269ஆவது அறிக்கையில் இந்தப் பொருளை எடுத்துப் பேசியது. கூண்டுகள் அப்படியே இருக்கின்றன. ஆகவே கையில் உள்ள முதல் நூறு ரூபாயை நான் கறிக்குச் செலவிடமாட்டேன், முட்டைக்குத்தான் செலவிடுவேன். புறக்கடையில் பத்துக் கோழி வளர்க்கும் வீடு உங்கள் ஊர் ஓரத்தில் நிச்சயம் இருக்கும். விலை இரு மடங்கானாலும் பாதி எண்ணிக்கை வாங்கினால் செலவு கூடாது.

நாட்டுக்கோழி என்ற பெயரை மட்டும் நம்ப வேண்டாம். இன்று கடையில் அப்பெயரில் தொங்குவனவற்றுள் பல, கொட்டகையில் வளர்ந்த கலப்பினங்கள். எல்லாம் ஒரே பருமனாக இருந்தால் ஒரே நாளில் பொரித்த கூட்டம் என்று அறியலாம். அலகைப் பாருங்கள்: நுனி வெட்டப்பட்டு மொட்டையாக இருந்தால் அது நெருக்கடியில் வளர்ந்தது, ஒன்றையொன்று கொத்தாதிருக்கத்தான் அலகை வெட்டுகிறார்கள். அசல் கோழியாகவே இருந்தாலும், காலைக் கட்டி வண்டியில் தலைகீழாகத் தொங்கவிட்டு முப்பது கிலோமீட்டர் கொண்டுவந்தால் கடைசி நாளில் அதற்கு நேர்வது பிராய்லருக்கு நேர்வதைவிடக் கொடியது.

வடமதுரைக்காரர்:

எங்கள் பக்கத்துக் கூறு முறையை யாரும் சொல்லவில்லையே. ஏழெட்டு வீட்டார் சேர்ந்து, தெரிந்த மேய்ப்பரிடம் ஓர் ஆடு பிடித்து, அறுத்துக் கூறு போட்டுக்கொள்வோம். தீபாவளிக்கு மட்டும் இருந்த வழக்கம் இப்போது எங்கள் தெருவில் மாதம் ஒரு முறை நடக்கிறது. தலை, கால், குடல், ஈரல், சுவரொட்டி எல்லாம் கூறில் வந்துவிடும். கசாப்புக் கடையில் 900 ரூபாய்க்கு வாங்குவது எங்களுக்கு 750 அளவில் அடங்குகிறது. அய்யலூரில் வியாழன்தோறும் சந்தை கூடினாலும் நாங்கள் அங்கே பிடிப்பதில்லை. கூட்டத்தில் இழுபட்டு, வண்டியில் நெருக்கி ஏற்றப்பட்டு வரும் ஆட்டின் கண்ணைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:

நல்ல வழக்கம். நகராட்சி எல்லைக்குள் என்றால் மட்டும் அங்கீகரிக்கப்பட்ட ஆட்டிறைச்சிக் கூடத்தில் அறுக்க வேண்டும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்த 2001ஆம் ஆண்டு இறைச்சிக் கூட விதிகள் அவ்வாறு சொல்கின்றன. மற்ற ஆடுகளின் கண்முன் அறுக்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் உள்ளது.

நொய்யல்கரை:

அனைவருக்கும் நன்றி. இரவு உட்கார்ந்து கணக்கிட்டேன். முட்டை தொண்ணூறுக்குப் பதில் நாற்பது. மேட்டுத் தெருவில் கோழி வளர்க்கும் அக்கா 12 ரூபாய் வீதம் தருவதாகச் சொன்னார், 480 ரூபாய். பிராய்லர் மாதத்தில் இரண்டே ஞாயிறு, 720 ரூபாய். ஒரு ஞாயிறு அதே அக்காவின் கோழி, 675 ரூபாய். மற்றொரு ஞாயிறு கூறுக்கறி. அலுவலகத்தில் ஆறு பேர் சேர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், 750 ரூபாய். மொத்தம் 2,625. குறைந்த முட்டைக்கு ஈடாகக் கொள்ளுப்பயறும் பச்சைப்பயறும் வாங்கும் செலவு கூடும் என்பதால் மிச்சம் என்று சொல்ல முடியாது. ஆனால் மூவாயிரத்தைத் தாண்டவில்லை. ஒரு ஞாயிறும் கறி இல்லாமல் போகவில்லை என்பதால் மாமனார் ஒன்றும் சொல்லவில்லை, முட்டை குறைந்ததற்கு மட்டும் முகம் சுளித்தார்.

மீதி இருக்கும் அந்த இரண்டு பிராய்லருக்கு என்ன செய்யலாம் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.

கொட்டகைக்காரன்:

அம்மா, வளர்ப்பில் உங்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, கடையைத் தேர்ந்தெடுக்கலாம். கோழிப் பெட்டி வந்து இறங்கும் விடியற்காலையில் ஒரு முறை போய்ப் பாருங்கள். கோழிகளை நிழலில் வைத்துத் தண்ணீர் காட்டுகிறாரா, கூண்டில் அடைக்கிற அளவு கொஞ்சமா, அறுத்ததும் துடிப்பு அடங்கும் முன்பே வெந்நீரில் போடுகிறாரா என்று கவனியுங்கள். எங்கள் ஊரில் அப்படிப் பார்த்து வாங்கும் நான்கைந்து பேர் இருந்ததனால், ஒரு கடைக்காரர் வெயிலில் இருந்த கூண்டை வேப்பமர நிழலுக்கு நகர்த்தி வைத்தார். விலையை அவர் ஏற்றவில்லை.