டிடி வேற, டிடாப் வேற: ஏழாவது சேர்க்கப் போனப்ப நடந்தது

கோயம்புத்தூர்ல இருந்து கலிஃபோர்னியால ஃப்ரீமான்ட் வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. பையன் ஆகஸ்ட்ல ஏழாவது போகணும். ஸ்கூல் ஆபீஸ்ல தடுப்பூசி கார்டு கேட்டாங்க, பத்திரமா கொண்டு வந்ததை நீட்டினேன், ஒன்றரை மாசத்துல போட்டதுல இருந்து அஞ்சு வயசு டிபிடி பூஸ்டர், பத்து வயசுல ஸ்கூலுக்கே நர்ஸம்மா வந்து போட்ட டிடி வரைக்கும் எல்லாத்துக்கும் தேதி இருக்கு. அந்தம்மா ஒவ்வொரு வரியா விரல் வச்சு பாத்துட்டு கடைசி வரியில நிறுத்திட்டாங்க. "இது டிடி, எங்களுக்கு டிடாப் வேணும்"னாங்க. எனக்கு சுர்ருனு ஏறுச்சு.

டாக்டர்கிட்ட போனப்பதான் புரிஞ்சுது. டிடி ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் மட்டும்தானாம், கக்குவான் இருமலுக்கு அதுல ஒண்ணும் கிடையாது, டிடாப்ல அதுவும் சேர்ந்திருக்கு, சின்ன வயசுல போட்டதோட பலம் இந்த வயசுக்குள்ள குறைஞ்சிருது. 2010ல கலிஃபோர்னியால 9,000 பேருக்கு மேல கக்குவான் வந்து 10 கைக்குழந்தைங்க போயிட்டாங்க, அதுக்கப்புறம் 2011 ஜூலைல இருந்துதான் இந்த சட்டம். ஏழாவது சேரணும்னா ஏழு வயசுக்கு மேல ஒரு டிடாப் போட்டிருக்கணும். 2016ல இருந்து எங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னு எழுதிக் குடுத்தாலும் எடுத்துக்க மாட்டாங்க. அன்னைக்கே போட்டுட்டு வந்துட்டோம், ரெண்டு நாள் கை வலின்னான், அவ்ளோதான்.

———

நாங்க அந்த 2010ல சான் ஹோசேல இருந்தோம்ங்க. பெரியவளுக்கு பதினோரு வயசு, சளி இருமல்தானேன்னு மூணு வாரம் விட்டுட்டோம், ராத்திரில இருமி இருமி கடைசியா "ஹூப்"னு மூச்சை இழுப்பா, அப்புறம் வாந்தி. தம்பிக்கு அப்ப ஏழு வாரம், இங்க கக்குவானுக்கு முதல் ஊசியே ரெண்டு மாசத்துலதான். அவனுக்கு அந்த சத்தம் கூட வரலைங்க. பால் குடிச்சிட்டு இருந்தவனுக்கு அப்படியே மூச்சு நின்னுருச்சு, உதடு நீலமாயிருச்சு, தூக்கி முதுகைத் தட்டினதும் திரும்ப மூச்சு விட்டான். ஒன்பது நாள் ஐசியூ. பொழைச்சுட்டான், இன்னைக்கு என்னை விட உயரம். அக்காகிட்ட இருந்துதான் வந்துச்சுன்னு டாக்டர் சொன்னப்ப பெரியவ அழுதது இன்னும் கண்ணுலயே நிக்குது, அவ மேல என்ன தப்பு, போட்டிருக்க வேண்டியது நாங்கதானே.

———

நான் மதுரைம்மா. மக பிரசவத்துக்கு அமெரிக்கா வரப்போ, பேத்தியைத் தூக்கணும்னா ரெண்டு வாரம் முன்னாடியே டிடாப் போட்டுட்டு வாங்கன்னு மாப்பிள்ளை கண்டிப்பா சொல்லிட்டார். மகளுக்கு ஏழாம் மாசத்துலயே போட்டுட்டாங்களாம். இங்க கிளினிக்ல கேட்டா டிடியை எடுத்துட்டு வர்றாங்க, அது இல்லைப்பான்னு சொல்லி, பூஸ்ட்ரிக்ஸ்னு டிடாப் மருந்தோட பேர் எழுதின சீட்டைக் காட்டி வரவழைச்சுப் போட்டேன். எங்க காலத்துல கக்குவான்னா கழுதைப்பால்தான், சங்குல ஊத்திக் குடுப்பாங்க. என் தம்பிக்கும் குடுத்தாங்க, அவன் தங்கலை. ஊர்ல இருந்து வர்ற தாத்தா பாட்டிங்க சீட்டுல டி, டி-க்கு அப்புறம் கக்குவானுக்கான ஏபி இருக்கான்னு ஒரு தடவை பாத்துக்கங்கம்மா.