4.5 டன் டிரெய்லர் இழுக்க பழைய டீசல் பிக்கப்: எதை எடுக்கலாம், டியூன் எப்போது?

மண்வெட்டி கேட்டது:

வணக்கம் நண்பர்களே. ஒரு சின்ன எக்ஸ்கவேட்டரை இரட்டை ஆக்ஸில் டிரெய்லரில் ஏற்றி வேலை நடக்கும் இடங்களுக்குக் கொண்டு போக பிக்கப் தேடுகிறேன். டிரெய்லர், இயந்திரம், பக்கெட் எல்லாம் சேர்த்து 4,500 கிலோ வருகிறது. வண்டிக்குள் நாங்கள் நான்கு பேர், கருவிகள் ஒரு 100 கிலோ. வழியில் நீளமான ஏற்றங்கள் நிறைய, அதே அளவுக்கு இறக்கமும் உண்டு.

புதுவண்டி வாங்கும் நிலையில் இல்லை. இப்போது பார்த்து வைத்திருப்பவை மூன்று. 2001 டாட்ஜ் ராம் 2500, 5.9 கம்மின்ஸ் 24 வால்வு, மேனுவல் கியர். 2005 ஃபோர்டு எஃப்-350, 6.0 பவர் ஸ்ட்ரோக். 2006 செவர்லே சில்வராடோ 2500, டியூராமாக்ஸ், ஆலிசன் ஆட்டோமேட்டிக். ஃபோர்டுதான் மலிவு, அதில் விற்பவர் ஏற்கெனவே டியூனர் (இன்ஜின் கணினியின் அமைப்பை மாற்றிச் சக்தியைக் கூட்டும் கருவி) போட்டு பெரிய எக்ஸாஸ்டும் வைத்திருக்கிறார், "இன்னும் 150 குதிரைத்திறன் கூடுதல், மலையை மலை என்றே தெரியாது" என்கிறார். டியூன் ஆன வண்டியாகவே எடுப்பது நல்லதா, இல்லை ஸ்டாக் (கம்பெனியில் வந்தபடியே இருக்கும்) வண்டி எடுத்து நாமே செய்துகொள்வதா? இழுவைக்கு டியூன் தேவைதானா என்பதும் எனக்குத் தெளிவாக இல்லை.

எடைமேடை எழுதியது:

இன்ஜினைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள், நான் எடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இந்த முடிவில் முதலில் வர வேண்டியது அதுதான். சாதாரண பின்பக்க ஹிட்சில் (டிரெய்லரை மாட்டும் இணைப்பில்) டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் வண்டியின் மேல் இறங்க வேண்டும், குறைந்தால் வேகம் எடுக்கும்போது டிரெய்லர் பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும். உங்களுக்கு 12 சதவீதம் என்று வைத்தால் 540 கிலோ. ஆட்கள் 300, கருவி 100, ஹிட்ச் சாமான் ஒரு 40. மொத்தம் 980 கிலோ, அது முழுக்க பிக்கப்பின் முதுகில்தான், அதிலும் பெரும்பகுதி பின் ஆக்ஸிலில்.

டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் வண்டியின் மொத்த எடை வரம்பும் முன், பின் ஆக்ஸில்களின் தனித்தனி வரம்புகளும் இருக்கும். டேங்கை நிரப்பி வண்டியை எடை மேடையில் ஏற்றுங்கள், வரம்பிலிருந்து அந்த எடையைக் கழியுங்கள், மிச்சம் இருப்பதுதான் நீங்கள் ஏற்றக்கூடியது. கம்மின்ஸ் 5.9 இன்ஜின் மட்டுமே ஏறக்குறைய அரை டன், அதோடு நான்கு கதவும் நான்கு சக்கர இயக்கமும் சேர்ந்தால் 2500 வகை வண்டிகளில் 980 கிலோ என்பது வரம்பை ஒட்டியே வந்து நிற்கும். 3500, எஃப்-350 வகையில் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கும். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் இழுவை எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம், பெரும்பாலானவர்களுக்கு அதற்கு முன்பே பேலோட், அதாவது வண்டி முதுகில் சுமக்கும் வரம்பு, தீர்ந்துவிடும். பின் ஸ்பிரிங்குக்கு உதவியாக ஏர் பேக் (காற்று அடைத்த பை) போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், அவ்வளவுதான், ஆக்ஸிலும் டயரும் தாங்கும் வரம்பு ஒரு கிலோகூட ஏறாது.

இன்னொன்று, எக்ஸ்கவேட்டரை டிரெய்லரில் எங்கே நிறுத்துகிறீர்கள் என்பது முக்கியம். இயந்திரம் 3,500 கிலோ, ஹிட்சிலிருந்து ஆக்ஸில்களின் நடுப்புள்ளி 5 மீட்டர் என்றால், ஒரு அடி முன்னே நகர்த்தினாலே ஹிட்ச் மேல் 200 கிலோ கூடிவிடும். சரியான இடம் கிடைத்ததும் பலகையில் பெயின்டால் கோடு போட்டு வைத்துவிடுங்கள்.

ஆறுசிலிண்டர் எழுதியது:

மூன்று வண்டியையும் பற்றிச் சொல்கிறேன்.

2001 கம்மின்ஸில் இன்ஜின் அருமையானது, பலவீனம் விபி44 இன்ஜெக்ஷன் பம்பு. அந்தப் பம்புக்கு உயவும் குளிர்ச்சியும் டீசலிலிருந்துதான் கிடைக்கிறது. டேங்கிலிருந்து டீசலைத் தள்ளும் லிஃப்ட் பம்பு சோர்ந்துபோனால் வண்டி எதையும் காட்டாமல் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு நாள் விபி44 போய்விடும். முழு ஆக்சிலரேட்டரில் எரிபொருள் அழுத்தம் 10 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்காமல் இருக்கிறதா என்று கேஜ் மாட்டிப் பாருங்கள். பிளாக்கின் வார்ப்பில் 53 என்ற எண் இருந்தால் விலகிவிடுங்கள், அந்தப் பிளாக்குகளில் கூலன்ட் அறையின் சுவர் விரிசல் விடும். என்வி4500 கியர்பாக்ஸ் என்றால் ஐந்தாம் கியர் நட் தளரும் பழக்கம் உண்டு, சரிசெய்யக்கூடியதுதான்.

6.0 ஃபோர்டில் டியூன் செய்த வண்டியை, அதுவும் இழுவைக்கு, நான் தொடமாட்டேன். இந்த இன்ஜினில் ஆயில் கூலரின் குறுகலான கூலன்ட் வழி அடைத்துக்கொள்ளும், அதற்கு அடுத்து இருக்கும் ஈஜிஆர் கூலருக்கு (இன்ஜினுக்குள் திரும்ப விடும் புகையைக் குளிரவைப்பது) கூலன்ட் குறையும், அது வெடித்து கூலன்ட் சிலிண்டருக்குள் போகும், அதோடு டியூனின் கூடுதல் அழுத்தமும் சேர்ந்தால் சிலிண்டர் ஹெட்டைப் பிடித்திருக்கும் ஹெட் போல்ட் நீண்டு, அடியில் இருக்கும் கேஸ்கெட் ஊதிவிடும். 150 குதிரைத்திறன் கூட்டியவர் அந்தப் போல்ட்டுக்குப் பதில் வலுவான ஹெட் ஸ்டட் மாற்றினாரா என்று கேளுங்கள், பில் இல்லாமல் நம்ப வேண்டாம். சோதிக்க எளிய வழி உண்டு. ஓபிடி போர்ட்டில் (வண்டியின் கணினியைப் படிக்கும் சாக்கெட்) ரீடர் மாட்டி, இன்ஜின் நன்றாகச் சூடானபின் சமதளத்தில் சீரான வேகத்தில் ஓட்டி, ஆயில் வெப்பத்தையும் கூலன்ட் வெப்பத்தையும் ஒப்பிடுங்கள். வித்தியாசம் 8 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஆயில் கூலர் அடைத்திருக்கிறது.

டியூராமாக்ஸில் வி.ஐ.என். எனப்படும் வண்டி அடையாள எண்ணின் எட்டாவது எழுத்தைப் பாருங்கள். 'டி' என்றால் எல்.பி.இசட் என்ற இன்ஜின் வகை, அதாவது நல்லது. 2 என்றால் முந்தைய எல்.எல்.ஒய், ஏற்றத்தில் பாரம் இழுக்கும்போது சூடேறுவதாகப் பெயர் வாங்கிய இன்ஜின். எல்.பி.இசட் ஸ்டாக்கிலேயே 360 குதிரைத்திறன், கூடவே 6 கியர் ஆலிசன். உங்கள் வேலைக்கு என் ஓட்டு இதற்குத்தான், எடைமேடை சொன்ன கணக்கில் தேறினால்.

புகைக்கணக்கு எழுதியது:

டியூன் தேவையா என்ற கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம். வண்டி 3,000, டிரெய்லர் 4,500, மொத்தம் 7,500 கிலோ. 100 மீட்டருக்கு 6 மீட்டர் ஏறும் சாலையில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஏற, டயர் உராய்வும் காற்று எதிர்ப்பும் சேர்த்து, சக்கரத்தில் ஏறக்குறைய 140 குதிரைத்திறன் போதும். அதே ஏற்றத்தை 90-ல் ஏற வேண்டும் என்றால் 240 தேவை. ஆக நீங்கள் டியூனுக்காகக் கொடுப்பது எல்லாம் ஏற்றத்தில் அந்தக் கூடுதல் 30 கி.மீ.க்குத்தான். 60-ல் நிதானமாக ஏறச் சம்மதம் என்றால் மூன்று வண்டியும் ஸ்டாக்கிலேயே செய்துவிடும்.

காலி வண்டியில் 150 கூட்டிய டியூனில் சில நொடிகள்தான் முழுப் பாரம் விழும், அதற்குள் வேகம் வந்துவிடும். டிரெய்லரோடு அதே டியூனில் பத்து நிமிடம் கால் எடுக்காமல் ஏறுகிறோம். கூடுதல் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லாவிட்டால் கறுப்புப் புகையும் வெப்பமும்தான் மிச்சம். டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில் எக்ஸாஸ்ட் வெப்ப சென்சார் வையுங்கள், டர்போவுக்குப் பின்னால் வைத்தால் பாரத்தில் 100 டிகிரிக்கு மேல்கூடக் குறைத்துக் காட்டும். தொடர்ந்து ஏறும்போது 675 டிகிரி செல்சியஸைத் தாண்டவிடாமல் ஓட்டுவதுதான் பலரும் பின்பற்றும் எல்லை. வெப்பம் அதற்கு மேல் ஏறினால் காலை அழுத்தாதீர்கள், ஒரு கியர் குறையுங்கள். இன்ஜின் வேகமாகச் சுழன்றால் டர்போ அதிகக் காற்றைத் தள்ளும், கூலன்ட் பம்பும் வேகமாக ஓடும், வெப்ப முள் இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். குறைந்த ஆர்பிஎம்மில் உயர் கியரில் முக்கிக்கொண்டு ஏறுவதுதான் டீசலைக் கொல்வது.

அப்புறம் டியூன் செய்தே தீர வேண்டும் என்றால் இழுவைக்கென்றே எழுதிய மென்மையான டியூன் மட்டும், 40 முதல் 60 குதிரைத்திறன், அதுவும் குறைந்த ஆர்பிஎம்மில் டார்க்கை (முறுக்கு விசையை) அடக்கி வைத்தது. எல்.பி.இசட்டில் சக்தியை மிக அதிகமாகக் கூட்டினால் பிஸ்டன் விரிசல் விடும் என்பது தெரிந்த விஷயம், ஆலிசனும் உள்கிளட்ச் வழுக்கி லிம்ப் மோடுக்கு (தன்னைக் காத்துக்கொள்ளக் கியரை மட்டுப்படுத்தும் நிலை) போகலாம். டியூனுக்கு முன்னால், டர்போ தள்ளும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரின் குழாய்களின் இணைப்பைக் கையால் தடவிப் பாருங்கள். கிளாம்ப் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு கறுப்பாகப் படிந்திருந்தால் அங்கே பூஸ்ட் (டர்போ அழுத்திய காற்று) கசிகிறது, அதை அடைப்பதே சில வண்டிகளில் டியூன் போட்ட மாதிரி இருக்கும்.

புது வண்டிப் பக்கம் போக நேர்ந்தால் டிபிஎஃப் (எக்ஸாஸ்டில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி) கழற்றும் டியூன் வேண்டாம், பல நாடுகளில் அது சட்டமீறல். உண்மையில் பாரம் இழுக்கும் வண்டியில் எக்ஸாஸ்ட் சூடாகவே இருப்பதால் டிபிஎஃப் தானாகவே சுத்தமாக இருக்கும்.

மண்வெட்டி எழுதியது:

மிக்க நன்றி. ஃபோர்டை விட்டுவிட்டேன். செவர்லேயின் எட்டாவது எழுத்து 'டி'தான், நாளை மறுநாள் எடை மேடைக்குக் கொண்டு வர உரிமையாளர் சம்மதித்திருக்கிறார். இறக்கத்துக்கு ஏதாவது தனியாகச் செய்ய வேண்டுமா?

எடைமேடை எழுதியது:

கட்டாயம். டீசலில் பெட்ரோல் இன்ஜின் போலக் காற்றை அடைக்கும் தகடு கிடையாது, காலை எடுத்தாலும் இன்ஜின் அவ்வளவாகப் பிடிக்காது. புகைக்கணக்கு சொன்ன அதே சாலையில் 60-ல் இறங்கும்போது 45 கிலோவாட் அளவுக்கு வெப்பத்தை ஏதோ ஒன்று வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும், அது வெறும் பிரேக் பேடாக இருந்தால் அடிவாரத்துக்கு வருவதற்குள் பெடல் மிருதுவாகிவிடும். 2006 டியூராமாக்ஸில் கம்பெனியிலிருந்தே எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வழியை அடைத்து இன்ஜினைப் பிடிக்கவைப்பது) வராது, தனியாகப் போடலாம். ஆலிசனில் டோ/ஹால் (பாரம் இழுக்கும் முறை) பட்டனை அழுத்திவிட்டுப் பிரேக்கைத் தொட்டால் கியர்பாக்ஸ் தானே கியரைக் குறைத்துப் பிடிக்கும், மலை உச்சியிலேயே அழுத்திவிடுங்கள், பாதி இறங்கியபின் அல்ல.

டிரெய்லரின் எல்லாச் சக்கரத்திலும் எலெக்ட்ரிக் பிரேக் வேலை செய்ய வேண்டும், கேபினில் கன்ட்ரோலரும் வேண்டும். காலி இடத்தில் 30 கி.மீ. வேகத்தில் கன்ட்ரோலரின் கை லீவரை மட்டும் முழுதாக அழுத்துங்கள். டிரெய்லர் பின்னால் இழுத்து நிறுத்துவது தெரிய வேண்டும், டயர் பூட்டிக்கொண்டு தேயக் கூடாது. இயந்திரத்தை ஏற்றிய நாளில் ஒரு அமைப்பு, காலியாகத் திரும்பும்போது வேறு அமைப்பு.

எடை மேடையில் முதலில் வண்டி மட்டும், பிறகு டிரெய்லரோடு, பின் ஆக்ஸிலைத் தனியாகவும் ஏற்றிப் பாருங்கள். எண்கள் வந்ததும் இங்கே போடுங்கள், ஹிட்சில் எடைப் பகிர்வுக் கம்பி (ஹிட்ச் மேல் இறங்கும் எடையில் ஒரு பங்கை முன் ஆக்ஸிலுக்கும் தள்ளுவது) வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.