போர் மோட்டார் அடிக்கடி ஆன்–ஆஃப் ஆகிறது: ப்ரஷர் டேங்கை மாற்றணுமா?

கேள்வி:
வணக்கம். 1 எச்பி சப்மெர்சிபிள், 24 லிட்டர் ப்ளாடர் டேங்க் (உள்ளே ரப்பர் பை உள்ள ப்ரஷர் டேங்க்), 30/50 பிஎஸ்ஐ ஸ்விட்ச் (அழுத்தம் 30-க்கு இறங்கினால் மோட்டாரை ஓட்டி, 50-ல் நிறுத்தும்). ஒரு குழாயைத் திறந்தாலே மோட்டார் ஐந்தாறு விநாடி ஓடி நிற்கிறது; கால் நிமிடத்துக்குள் மறுபடி ஓடுகிறது. ராத்திரி எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போதும் அவ்வப்போது தானாக ஓடுகிறது. டேங்க் மேலுள்ள காற்று வால்வில் டயர் கேஜ் வைத்தால் 45 காட்டுகிறது, அதனால் காற்றில் குறையில்லை என்று நினைக்கிறேன். புது டேங்க் எத்தனை லிட்டரில் வாங்கலாம்?

பதில் 1:
அந்த 45-ஐ நம்பாதீங்க. உள்ளே தண்ணீர் இருக்கும்போது அளந்தால் தண்ணீரின் அழுத்தம்தான் தெரியும், காற்று எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. முதலில் அந்த வால்வின் நடு ஊசியை லேசாக அழுத்துங்க. தண்ணீர் பீச்சினால் ப்ளாடர் கிழிந்துவிட்டது. அடியில் போல்ட் போட்ட ஃப்ளேஞ்ச் (மூடித் தட்டு) இருந்தால் ப்ளாடரை மட்டும் மாற்றலாம், இல்லாவிட்டால் டேங்கையே மாற்றணும்.

காற்று மட்டும் வந்தால், மோட்டாரின் பிரேக்கரை ஆஃப் செய்து, தண்ணீர் பைப்பிலுள்ள கேஜ் பூஜ்யத்துக்கு வரும்வரை தண்ணீரை வடியுங்க. வடிக்கும் குழாய் திறந்தே இருக்கட்டும். இப்போது அளந்து, 28 பிஎஸ்ஐ வரும்வரை காற்று ஏற்றுங்க. மோட்டார் ஆன் ஆகும் அழுத்தத்தைவிட 2 குறைவு, அதுதான் கணக்கு. 30-க்கு மேல் ஏற்றினால் மோட்டார் கிளம்பும் முன்பே டேங்க் காலியாகி, குழாயில் தண்ணீர் ஒரு கணம் அறுந்து வரும். கடைசியில் வால்வில் சோப்பு நீர் தடவிப் பாருங்க. குமிழி வந்தால் உள் ஊசியை மாற்றணும்.

கேட்டவர்:
ஊசியில் காற்றுதான் வந்தது. வடித்து அளந்தால் வெறும் 3! 28 ஏற்றியதும் மோட்டார் 15 விநாடி ஓடுகிறது. ராத்திரித் தொல்லை மட்டும் தீரவில்லை. மோட்டார் நிமிடத்துக்கு 40 லிட்டர் தள்ளுகிறது.

பதில் 2:
15 விநாடியும் போதாது. ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் மோட்டார் பல மடங்கு கரன்ட் இழுத்து வைண்டிங் (உள்ளே சுற்றிய கம்பிச்சுருள்) சூடாகும்; அந்தச் சூடு தணிய, சுற்றித் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கணும். 1 எச்பி வரை ஒரு தடவைக்கு ஒரு நிமிடமாவது ஓடுவது நல்லது, அதற்கு மேற்பட்டவை இரண்டு நிமிடம். அப்படியென்றால் உங்களுக்கு ஒரு சுற்றில் 40 லிட்டர் சேரணும். டேங்கில் எழுதியிருக்கும் லிட்டர் அத்தனையும் தண்ணீராகக் கிடைக்காது: 30/50-ல் சுமார் 29 சதவீதம், 40/60-ல் சுமார் 26. 24 லிட்டர் டேங்க் தருவது 7 லிட்டர்தான். 40-க்கு 135–140 லிட்டர் வேணும், 150 வாங்கினால் நிம்மதி.

பதில் 3:
டேங்க் வாங்காமல் ஸ்விட்சின் சின்ன ஸ்பிரிங் நட்டை இறுக்கி 30/60 ஆக்கினாலும் ஓட்ட நேரம் கூடுமே?

பதில் 2:
கொஞ்சம் கூடும். ஆனால் மோட்டாரால் 60 எட்ட முடியாவிட்டால் நிற்காமல் ஓடி எரிந்துபோகும். டேங்க், பைப்புகளின் உச்ச அழுத்தத்தையும் பார்க்கணும். நான் அந்த வழிக்குப் போகச் சொல்லமாட்டேன்.

பதில் 1:
ராத்திரி ஓடுவதற்கும் டேங்குக்கும் சம்பந்தமில்லை. டேங்குக்கு அப்புறம் வீட்டுக்குப் போகும் வால்வை மூடி, 50-ல் மோட்டார் நின்றதும் பிரேக்கரை ஆஃப் செய்து அரை மணி நேரம் முள்ளைக் கவனிங்க. வெளியே கசிவில்லாமலே முள் இறங்கினால் தண்ணீர் போருக்குத் திரும்புகிறது: என்ஆர்வி (தண்ணீர் திரும்பாமல் தடுக்கும் வால்வு) பிடிக்கவில்லை, அல்லது போருக்குள் இறங்கும் பைப்பின் இணைப்பில் ஓட்டை. முள் அசையாமல் நின்றால் கசிவு வீட்டுப் பக்கம். ஃப்ளஷ் டேங்கிலிருந்து தேடத் தொடங்குங்க.

புது டேங்க் மாட்டும்போது ஸ்விட்சை டேங்க் வாயருகிலேயே வையுங்க, நடுவில் வால்வு எதுவும் கூடாது. ஸ்விட்சுக்குப் போகும் கால் இஞ்ச் நிப்பிளை (குட்டி இணைப்புக் குழாயை)க் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்க. இரும்புச் சத்துள்ள தண்ணீரில் அது துருவால் அடைபட்டால் ஸ்விட்ச் அழுத்தத்தைத் தாமதமாக உணரும், காற்று சரியாக இருந்தும் மோட்டார் தாறுமாறாக ஓடும்.