செரோக்கி மக்களிடம் நிலம் யாருடையதாக இருந்தது?

கேள்வி:
வணக்கம். வட அமெரிக்கப் பழங்குடியினரான செரோக்கி மக்களிடம் நிலத்தில் தனியுடைமை இல்லை என்று ஓரிடத்திலும், குடும்பத்துக்கொரு தோட்டமும் வீடும் இருந்தன என்று வேறோரிடத்திலும் படித்தேன். இவ்விரண்டும் எப்படிப் பொருந்தும்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
இரண்டும் உண்மையே. இன்றைய அமெரிக்காவின் தென்கிழக்கில் உள்ள தெற்கு அப்பலாச்சிய மலைப்பகுதியில் அவர்கள் வாழ்ந்தபோது மண் எல்லோருக்கும் பொது. அதில் பயிரிட்டவருக்கு விளைச்சலும், கட்டியவருக்கு வீடும் உரியவை. ஏழு குலங்களைக் கொண்ட அந்தத் தாய்வழிச் சமூகத்தில் வேளாண்மை பெரும்பாலும் பெண்கள் கையில் இருந்ததால், வீடும் விளைநிலமும் தாய்வழியாகவே கைமாறின. மக்காச்சோளத்தைத் தந்தவளாக அவர்கள் போற்றும் செலுவும் ஒரு தாய்தான். தங்கள் அரசின் இசைவின்றி நிலத்தை விற்பவருக்கு மரண தண்டனை என்று 1829-இல் சட்டமாகவே எழுதி வைத்தார்கள். அப்படியிருந்தும், மக்களின் ஒப்புதல் பெறாத ஒரு சிறு குழு 1835-இல், கிழக்கிலிருந்த நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுக்கும் நியூ எக்கோட்டா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அதைக் காட்டியே 1838–39-இல் சுமார் 16,000 பேர் மேற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு, விரட்டப்பட்டனர். ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாகக் கணிக்கப்படுகிறது. போய்ச் சேர்ந்த இடத்திலும் நிலத்தைப் பொதுவாகவே வைத்திருந்தார்கள். அதைத் துண்டு துண்டாக்கித் தனியாருக்குப் பிரித்தது அமெரிக்க அரசின் 1898-ஆம் ஆண்டுக் கர்ட்டிஸ் சட்டம்.

மறுமொழி 2:
மேலே நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். ஆற்றை அவர்கள் 'நெடிய மனிதர்' என்பார்கள்; மலையில் தலையும் தாழ்நிலத்தில் காலும் நீட்டிப் படுத்திருக்கும் அவரிடம் சென்று நீராடுவது ஒரு வழிபாடு. உயிருள்ளதைக் கொடுப்பதற்கும், நீர்மத்தைக் கொடுப்பதற்கும், நீண்டு விறைத்ததைக் கொடுப்பதற்கும் தனித்தனி வினைச்சொற்கள் செரோக்கி மொழியில் உண்டு. நம் 'நாம்', 'நாங்கள்' போன்ற வேறுபாடும் உண்டு என்று அறிந்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி பெரிது. செக்கோயா என்ற செரோக்கியர் 1821-இல் வகுத்து முடித்த அசையெழுத்தில் 1828-லேயே செய்தித்தாள் வெளிவந்தது. அத்தகைய மொழியைப் பேசுவோர் அருகிவிட்டதால், அதற்கு 2019-இல் மூன்று செரோக்கி அரசுகளும் கூடி நெருக்கடி நிலை அறிவிக்க நேர்ந்தது.

மறுமொழி 3:
அந்தப் பழைய நிலமுறை முற்றிலும் மறைந்துவிடவில்லை. விரட்டப்படாமல் கிழக்கிலேயே தங்கியவர்களின் வழிவந்தோர் வாழும், வட கரோலினாவின் குவாலா எல்லைப் பகுதியில் இன்றும் குடும்பங்களுக்கு அனுபவ உரிமை மட்டுமே உண்டு; வெளியாருக்கு விற்க இயலாது. அங்கு 1997-இல் திறக்கப்பட்ட சூதாட்ட விடுதியே இன்று அங்குள்ள செரோக்கி அரசின் வருவாயில் பெரும்பகுதியைத் தருகிறது. பழைய தலையூரான சோட்டா 1979-இல் டென்னசியிலுள்ள டெலிக்கோ அணையின் நீரில் மூழ்கிப் போயிற்று. தாயூர் என்று அவர்கள் வணங்கும் கிட்டுவா மேட்டையோ, 1996-இல் 309 ஏக்கருடன் விலைகொடுத்து வாங்கித்தான் மீட்டார்கள்.