'96': பெயரைக் கேட்க முடியாத காலம்

பிரேம் குமார் எழுதி இயக்கி 2018 அக்டோபரில் வெளிவந்த '96' திரைப்படத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், பலரும் தஞ்சாவூர்ப் பள்ளிக்கூடத்தையும் பத்தாம் வகுப்பின் கடைசி நாளில் ஜானு மை தெளித்துவிடும் ராமின் சட்டையையும்தான் முதலில் நினைவுகூர்கிறார்கள். அந்தக் காட்சிகள் எனக்கும் பிடித்தவையே. ஆனால் அந்தப் படத்தில் என்னை நிலைகுலைய வைத்தது ஜானு படித்த மகளிர் கல்லூரியின் வாசல்.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராமும் ஜானுவும் ஒரே வகுப்பில் படித்து, ஒருவரையொருவர் மனத்துக்குள் விரும்புகிறவர்கள். கடன் தொல்லையால் ராமின் குடும்பம் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போய்விடுகிறது. சில ஆண்டுகள் கழித்து ஜானு படிக்கும் கல்லூரியைக் கண்டுபிடித்து வந்து நிற்கும் ராம், உள்ளே போகும் ஒரு பெண்ணிடம் தான் காத்திருப்பதாகச் சொல்லி அனுப்புகிறான். தன்னைத் தொந்தரவு செய்துகொண்டிருந்த வேறொருவன்தான் வந்திருக்கிறான் என்று எண்ணிய ஜானு, பார்க்க விருப்பமில்லை என்று சொல்லிவிடுகிறாள். அவள் தன்னைத்தான் மறுத்தாள் என்று நினைத்துக்கொண்டு அவன் திரும்பிப் போகிறான். பள்ளியில் பிரிந்து இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, பழைய மாணவர்கள் கூடிய ஒரு சென்னை இரவில்தான் அந்த வாசலில் நின்றவன் யார் என்பதே ஜானுவுக்குத் தெரிய வருகிறது.

திரையரங்கில் எனக்குப் பின்னால் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர், இதெல்லாம் நம்பும்படியாகவா இருக்கிறது என்று தம் நண்பரிடம் கேட்டார். என்னால் நம்ப முடிந்தது. கிட்டத்தட்ட அதே ஆண்டுகளில் காவிரிக் கரை ஊர் ஒன்றில் மகளிர் கல்லூரி விடுதியில் தங்கிப் படித்தவள் நான். எங்கள் விடுதியில் சேரும்போதே, நம்மை வந்து பார்க்க அனுமதிக்கப்பட்டவர்களின் புகைப்படங்களை ஒரு தாளில் ஒட்டி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கித் தர வேண்டும். பெரும்பாலும் அதில் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், மிஞ்சினால் ஒரு தாய்மாமா ஆகியோரே இருப்பார்கள். தொலைபேசி வார்டன் அறையில் மட்டுமே உண்டு. அதுவும் வரும் அழைப்புகளுக்குத்தான். அந்தத் தாளில் இல்லாத ஓர் ஆண் வாசலில் வந்து நின்றால், "உன்னைத் தேடி யாரோ ஒரு பையன் வந்திருக்கான்" என்ற செய்தி, நமக்கு வந்து சேரும் முன்பே பாதி விடுதிக்குத் தெரிந்துவிடும்.

அந்த நேரத்தில் யார் என்று கேட்டிருக்கலாமே என்பதுதான் இன்று எல்லோருக்கும் தோன்றும் கேள்வி. இந்தப் படத்தைப் பின்னர் வீட்டில் பார்த்தபோது என் மகளும் அதையே கேட்டாள். "பேரென்னன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா முடிஞ்சிருக்குமே அம்மா?" அவளுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: யார் என்று கேட்பதே, யாரையோ எதிர்பார்த்திருந்ததாக ஒப்புக்கொள்வதாகிவிடும். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளாமல், எனக்கு யாரையும் தெரியாது, போகச் சொல்லுங்கள் என்று உடனே சொல்லிவிடுகிற பெண்ணே நல்ல பெண்; ஒரு நொடி தயங்கினாலும் அது வீட்டுக்குக் கடிதமாகப் போய்ச் சேரும், படிப்பு அங்கேயே நின்றுபோகவும் கூடும். பிரேம் குமார் இதை எங்கும் விளக்கவில்லை. பெற்றோரின் எதிர்ப்பு, சாதிச் சண்டை, பணக்கார மாப்பிள்ளை என்று தமிழ் சினிமா வழக்கமாகக் காதலைப் பிரிக்கும் எந்தக் காரணமும் இல்லாமல், கேட்கப்படாத ஒரு பெயரால் மட்டுமே இரண்டு வாழ்க்கைகள் வெவ்வேறு திசைகளில் போய்விட்டன என்று அவர் காட்டியிருப்பதைத்தான் இந்தப் படத்தின் ஆகப்பெரிய உண்மை என்று நான் கருதுகிறேன்.

ஜானு அந்த வாசலுக்கு இன்னொரு முறை போகிறாள் என்பது பலரும் கவனிக்காமல் கடந்துவிடும் நுட்பம். அதே இரவில் ராமின் மாணவிகள் சிலர் அவர்களைச் சந்திக்கிறார்கள். ஜானுதான் அவருடைய மனைவி என்று தவறாக எண்ணிக்கொண்டு, எப்படிச் சேர்ந்தீர்கள் என்று ஆவலோடு கேட்கிறார்கள். ஜானு அதை மறுக்காமல் ஒரு கதை சொல்லத் தொடங்குகிறாள். அந்தக் கதையில் அவள் கல்லூரி வாசலுக்கு வருகிறாள், நிற்பவன் ராம் என்று பார்க்கிறாள், அதன்பின் எல்லாம் நடக்க வேண்டியபடி நடக்கிறது. அவள் சொல்வது பொய் என்பது அந்த மேசையில் இருவருக்கு மட்டுமே தெரியும். ராமாக நடித்த விஜய் சேதுபதி அந்த இடத்தில் எதுவும் பேசுவதில்லை. இத்தனை ஆண்டுகள் சொல்ல முடியாமல் போன பதிலை, முன்பின் தெரியாத பெண்கள் முன்னால் கற்பனைக் கதையாகத்தான் அவளால் சொல்ல முடிகிறது என்பதையும், அதை நிறுத்தச் சொல்ல அவனுக்கு மனமில்லை என்பதையும், ஒரு வசனமும் இல்லாமல் அவர் முகம் காட்டிவிடுகிறது.

பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளியில் ராம் எப்போதும் கேட்டு, ஜானு எப்போதும் பாடாமல் தவிர்த்துவந்த பாடல், 'தளபதி'யில் இளையராஜா இசையமைத்த 'யமுனை ஆற்றிலே'. கண்ணனுக்காகக் காத்திருப்பவளின் பாடலை அவன் கேட்டு அவள் பாடிவிட்டால் அதற்குமேல் மறைப்பதற்கு ஒன்றும் இருக்காது என்பதால்தான் அவள் தவிர்த்தாள் என்று நான் புரிந்துகொள்கிறேன். ராமின் வீட்டில் மின்சாரம் போன இருட்டில் அவள் அதைப் பாடத் தொடங்க, அவன் பதறிக்கொண்டு விளக்கைத் தேடுகிறான். படத்தின் இசையமைப்பாளர் கோவிந்த் வசந்தா வயலின் கலைஞர். மற்ற இடங்களிலெல்லாம் அந்த வயலின் மனத்தைப் பிழிந்தெடுக்கிறது. இங்கோ அவர் ஒரு வாத்தியத்தையும் உள்ளே விடாமல் வெறும் குரலை மட்டும் ஒலிக்க விடுகிறார். படம் முழுவதும் ஜானுவாக நடித்த திரிஷாவுக்கு வசனக் குரல் கொடுத்திருப்பவர் சின்மயி; பாடுபவரும் அவரே. அதனால் பேசிக்கொண்டிருந்த பெண் அப்படியே பாடத் தொடங்குவதாக அந்தக் காட்சி அமைந்துவிடுகிறது, பின்னணிப் பாடல் என்ற உணர்வே எழுவதில்லை.

முன்பாதியில் நண்பர்களின் கலகலப்பு கொஞ்சம் குறைந்திருக்கலாம் என்பதைத் தவிர எனக்குப் பெரிய குறையில்லை. ஜானுவின் கணவரைக் கெட்டவராகக் காட்டி அவளுடைய மனத்துக்கு நியாயம் தேட இயக்குநர் முயலவில்லை என்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. சிங்கப்பூரில் அவளுக்கு ஒரு குடும்பம் இருக்கிறது, விடிந்ததும் அவள் அங்கே திரும்பிப் போகிறாள், அவ்வளவுதான். படம் முடிந்து வெளியே வந்தபோது என் கணவர், "ஜானு இதை வீட்டில் சொல்லுவாளா?" என்று கேட்டார். சொல்ல மாட்டாள் என்று நானும், சொல்லிவிடுவாள், அவள் அப்படிப்பட்டவள்தான் என்று அவரும் சாப்பாட்டு நேரம் வரை பேசிக்கொண்டிருந்தோம். எங்கள் திருமணத்துக்கு முந்தைய நாட்களைப் பற்றி நாங்கள் அதிகம் பேசியதில்லை, அன்றைக்குப் பேசினோம்.

விடுதியில் என் அறைத்தோழியாக இருந்தவளுக்கும் இதுபோல ஒன்று நடந்ததுண்டு. தேடி வந்தவர் யாரென்று கேட்காமலே அவள் திருப்பி அனுப்பிவிட்டாள்; விடுமுறையில் ஊருக்குப் போன பிறகுதான், வந்தவன் தன் அக்காவின் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்க வந்த பள்ளித் தோழன் என்று தெரிந்தது. அதில் காதல் எதுவும் இல்லை. ஆனாலும் அவன் அதன்பின் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. '96' பார்த்த அன்றே அவள் என்னை அழைத்து, தவறு ராமுடையது, பெயரைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் மாலை வரை அங்கேயே நின்றிருக்க வேண்டும் என்று கோபமாகச் சொன்னாள். மகளிர் கல்லூரி வாசலில் ஓர் இளைஞன் மாலை வரை நின்றிருந்தால் ஜானுவின் பெயர் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். அவன் திரும்பிப் போனதில் கோழைத்தனத்தைவிட அவள்மீதான மரியாதையே அதிகம் என்பது என் வாதம். மரியாதையை வைத்துக்கொண்டு ஜானு என்ன செய்வாள் என்பது என் தோழியின் வாதம். தொலைக்காட்சியில் அந்தப் படம் வரும்போதெல்லாம் இருவரில் ஒருவர் மற்றவரை அழைத்து, விட்ட இடத்திலிருந்து தொடர்கிறோம்.