சி லைப்ரரியில் பிழை எண் மாறிப்போகிறது: 13 வரவேண்டிய இடத்தில் 25?

எடைக்கல்:

வணக்கம். சி மொழியில் ஒரு சின்ன லைப்ரரி (மற்ற புரோகிராம்கள் கூப்பிட்டுப் பயன்படுத்தும் கோடு) எழுதி வைத்திருக்கிறேன். எடைமேடையின் டிஸ்ப்ளே பெட்டியிலிருந்து சீரியல் கேபிள் வழியாக எடையைப் படிக்கும், அவ்வளவுதான். 800 வரிகூட இருக்காது. மூன்று இடங்களில் ஓடுகிறது.

போன வாரம் அதில் ஒரு அரிசி ஆலையில் கம்ப்யூட்டரை மாற்றினோம். லினக்ஸ், என் புரோகிராமை பின்னணியில் தானாக ஓடும்படி சிஸ்டம்டி சர்வீஸாகப் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் எடை வரவில்லை. அங்கே கணக்கு எழுதுபவர் லாக்கில் இருந்ததைப் போனில் எழுத்துக்கூட்டிப் படித்தார்: "இன்அப்ரோப்ரியேட் ஐயாக்டில் ஃபார் டிவைஸ்". எர்நோ, அதாவது பிழை எண், 25. வாசலில் நெல் லாரிகள் வரிசையில் நிற்கின்றன, பின்னால் ஹாரன் சத்தம் கேட்கிறது.

டிவைஸ் என்று சொல்கிறதே, யுஎஸ்பி-சீரியல் கன்வர்ட்டர்தான் கோளாறு என்று முடிவுகட்டி, புதிதாக ஒன்று வாங்கி கூரியரில் அனுப்பினேன். இரண்டு நாள் போனது. அதிலும் அதே 25. கடைசியில் நேரில் போய் ஸ்ட்ரேஸ் (புரோகிராம் சிஸ்டத்திடம் கேட்பதை வரிவரியாகக் காட்டும் கருவி) போட்டுப் பார்த்தால், போர்ட்டைத் திறக்கும் ஓப்பன் தோற்றதற்குக் காரணம் 13, அதாவது பர்மிஷன் டினைட். சர்வீஸ் ஓடுகிற யூசரை, சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குரூப்பில் சேர்க்க மறந்திருக்கிறேன். ஒரு வரிக் கட்டளை, சரியாகிவிட்டது.

என் கோடு இப்படி: ஓப்பன் தோற்றால் லாக் ஃபங்ஷனைக் கூப்பிட்டு "போர்ட் திறக்கவில்லை" என்று எழுதுவேன். அப்புறம் -1 திருப்பி அனுப்புவேன். கூப்பிட்ட புரோகிராம் எர்நோவை, எண்ணைச் செய்தியாக மாற்றும் ஸ்ட்ரெர்ரரில் கொடுத்து வருவதை அச்சடிக்கும். என் லேப்டாப்பில் கேபிளைப் பிடுங்கிவிட்டு ஓட்டினால் ஒழுங்காக 2, "நோ சச் ஃபைல்" என்றுதான் வருகிறது.

13 எப்படி 25 ஆனது? லைப்ரரி எழுதுகிறவர்கள் பிழையை எப்படித்தான் வெளியே சொல்கிறார்கள்?

---

வரிக்குவரி:

லாக் ஃபங்ஷனில் கலர் போடுகிறீர்களா? வெளியீடு டெர்மினலா என்று பார்க்க இஸ்ஏடிடிஒய் கூப்பிடுகிறீர்களா?

---

எடைக்கல்:

ஆமாம். பிழை என்றால் சிவப்பில் வரட்டும் என்று போட்டேன்.

---

வரிக்குவரி:

அதுதான். உங்கள் லேப்டாப்பில் ஸ்டாண்டர்டு எர்ரர் (பிழைச் செய்தி போகிற வழி) ஒரு டெர்மினல். இஸ்ஏடிடிஒய் "ஆமாம்" என்று சொல்லிவிட்டு எர்நோவைத் தொடாமல் போய்விடும். சிஸ்டம்டியில் அது ஜர்னலுக்கு, அதாவது சிஸ்டம்டியின் லாக்குக்கு, போகிற சாக்கெட். "இது டெர்மினல் இல்லை" என்று சொல்லும்போது எர்நோவில் 25 எழுதப்படுகிறது, உங்கள் 13 அழிந்துவிடுகிறது. ஸ்ட்ரேஸில் ஓப்பன் வரிக்குக் கீழே ஒரு ஐயாக்டில் வரியும் (இஸ்ஏடிடிஒய் உள்ளே கூப்பிடுவது அதைத்தான்) இருந்திருக்கும், கவனித்திருக்க மாட்டீர்கள்.

அந்த 25க்குப் பழைய யூனிக்ஸ்களில் செய்தியே "நாட் எ டைப்ரைட்டர்" என்றுதான் வரும். "இது டைப்ரைட்டர் இல்லை" என்று படித்துவிட்டு முழித்தவர்கள் நிறைய பேர். நீங்கள் கன்வர்ட்டர் வாங்கியதோடு தப்பித்தீர்கள்.

---

பழையமணி:

மேலே சொன்னது சரி. ஆனால் தம்பி, கலரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள்.

எர்நோ என்பது வீட்டு வாசல் திண்ணை மாதிரி. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். தோற்றுப்போன ஃபங்ஷன் அங்கே எண்ணை எழுதும், சரி. ஜெயித்த ஃபங்ஷன் அதைத் துடைத்து வைக்காது. சி தரத்தில் எந்த லைப்ரரி ஃபங்ஷனும் எர்நோவைப் பூஜ்யம் ஆக்காது என்று எழுதியிருக்கிறது. அதோடு, பிழைக்கு எர்நோவைப் பயன்படுத்தும் என்று சொல்லப்படாத ஃபங்ஷன், தோற்காதபோதும் அதில் எதையாவது எழுதிவிட்டுப் போகலாம். ஆகவே தோல்வி தெரிந்த அடுத்த வரியிலேயே அதை ஒரு லோக்கல் வேரியபிளில் எடுத்து வைத்துவிட வேண்டும். லாக் எழுதுவது, க்ளோஸ் பண்ணுவது எல்லாம் அதற்கப்புறம்தான். போர்ட் செட்டிங் தோற்றால் ஃபைலை மூடிவிட்டு -1 அனுப்புகிறீர்கள் இல்லையா, அந்த க்ளோஸும் எர்நோவை மாற்றலாம். த்ரெட்டுகளுக்கான பித்ரெட் ஃபங்ஷன்கள் எர்நோ பக்கமே போகாது, பிழை எண்ணை ரிட்டர்னாகவே கொடுத்துவிடும். அதையும் பழக்கதோஷத்தில் எர்நோவில் தேடுகிறவர்கள் உண்டு.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. எடையைப் படிக்கிற ஃபங்ஷனும் தோற்றால் -1தான் தருகிறதா? மேஜைத் தராசில் டப்பாவை வைத்து டேர் போட்டுவிட்டு (டப்பா எடையைப் பூஜ்யமாக்கிவிட்டு) டப்பாவை எடுத்தால் டிஸ்ப்ளேயில் மைனஸ்தான் வரும். அப்போது உங்கள் -1 பிழையா, எடையா?

கேபிளில் வரும் எழுத்துகளை எண்ணாக மாற்ற ஏடிஓஐ ஃபங்ஷனைப் பயன்படுத்தியிருப்பீர்கள் என்றும் நினைக்கிறேன். கேபிளில் இரைச்சல் வந்து குப்பை எழுத்து வந்தால் அது பூஜ்யம் தரும். லாரி மேடையில் நிற்கும், ரசீதில் 0 கிலோ என்று இருக்கும், எங்கேயும் பிழை என்று பதிவாகியிருக்காது. அதே வேலைக்கான எஸ்டிஆர்டிஓஎல்லுக்கு மாறுங்கள். கூப்பிடும் முன் நீங்களே எர்நோவைப் பூஜ்யம் ஆக்குங்கள். முடிந்தபின் எண்ட் பாயிண்டர் (எண்ணைப் படித்து நிறுத்திய இடம்) ஆரம்ப இடத்திலேயே நிற்கிறதா, எண்ணுக்குப் பின்னால் வேறு எழுத்து மிச்சம் இருக்கிறதா, எர்நோ 34 (எண் எல்லை மீறியது) ஆகியிருக்கிறதா என்று மூன்றையும் பாருங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. ரிட்டர்ன் மதிப்பை வெற்றி-தோல்விக்கு மட்டும் வையுங்கள். எடை, பாயிண்டர் வழியாக வெளியே போகட்டும். பிழை விவரத்தை ஹேண்டிலுக்குள் (திறந்த போர்ட்டுக்காக லைப்ரரி கூப்பிட்டவர் கையில் கொடுக்கும் பிடி) வையுங்கள்: எந்தக் கட்டத்தில் தோற்றது (திறக்கும்போதா, செட்டிங்கிலா, படிக்கும்போதா, எண்ணாக்கும்போதா), எடுத்து வைத்த எர்நோ, ஒரு வரிச் செய்தி.

"திறப்பதே தோற்றால் ஹேண்டிலே இல்லையே, விவரத்தை எங்கே வைப்பது?" என்று கேட்பீர்கள். எஸ்க்யூலைட் டேட்டாபேஸ் லைப்ரரியைப் பாருங்கள். அதன் ஓப்பன் தோற்றாலும் பெரும்பாலும் ஹேண்டில் கையில் கிடைக்கும். அதைக் கொடுத்துப் பிழைச் செய்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகு மூடிவிட வேண்டும். ஹேண்டிலுக்கே மெமரி கிடைக்காதபோதுதான் நல் பாயிண்டர் (எதையும் காட்டாத வெறும் பாயிண்டர்) வரும். பலர் "தோற்றதுதானே" என்று மூடாமல் விட்டு மெமரியை ஒழுகவிடுவார்கள், அது வேறு கதை. இணையம் வழியாகத் தரவு அனுப்பிப் பெறும் லிப்கர்ல் லைப்ரரியில் இன்னொரு வழி: 256 பைட் பஃபரை நீங்கள் கொடுத்து வைத்தால் செய்தியை அதில் எழுதும். அந்த பஃபர் ஹேண்டில் இருக்கும்வரை உயிரோடு இருக்க வேண்டும். ஃபங்ஷனுக்குள் லோக்கலாக வைத்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் தொலைந்தது.

உங்கள் அளவுக்கு எஸ்க்யூலைட் முறை போதும். பிழைக் குறியீடு நாற்பது வேண்டாம். கூப்பிட்டவர் செய்யக்கூடிய காரியம் எத்தனை விதம் என்று எண்ணுங்கள். மறுபடி முயற்சி செய்யலாம், கேபிளைப் பார்க்கச் சொல்லலாம், அனுமதியைச் சரி செய்யச் சொல்லலாம், உங்களுக்குப் போன் போடலாம். அவ்வளவு குறியீடு இருந்தால் போதும்.

---

நடுஇரவு:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. லைப்ரரி ஏன் லாக் எழுத வேண்டும்? திரை கூப்பிடுகிற புரோகிராமுடையது. கால்பேக் வசதி ஒன்று (பிழை வந்தால் லைப்ரரி கூப்பிட, புரோகிராம் எழுதுபவர்கள் தரும் ஃபங்ஷன்) கொடுங்கள், வேண்டுமென்றால் அவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

ஜேபெக் படங்களைப் படிக்கும் லிப்ஜேபெக்கில் எர்ரர் ஹேண்ட்லரை (பிழை வந்தால் ஓடும் ஃபங்ஷனை) மாற்றாமல் விட்டால் பெரிய பிழை வந்ததும் செய்தியை அச்சடித்துவிட்டு, புரோகிராமையே முடிக்கும் எக்ஸிட்டைக் கூப்பிட்டுவிடும். கட்டளைவரிக் கருவிக்கு அது பரவாயில்லை. நான் அதைத் தெரியாமல் ஒரு சர்வருக்குள் வைத்தேன். யாரோ ஜேபெக் என்று பெயர் மாற்றிய வேறொரு ஃபைலை ஏற்ற, அதிலிருந்த பைட்டுகளைப் பார்த்து சர்வரே உட்கார்ந்துவிட்டது. எக்ஸிட் என்பதால் கோர் டம்ப்கூட (புரோகிராம் செத்த நேரத்து மெமரி நகல்) இல்லை. லைப்ரரியின் உதாரணக் கோடிலேயே ஹேண்ட்லரை மாற்றி, செட்ஜம்ப்பில் குறித்து வைத்த இடத்துக்கு லாங்ஜம்ப்பில் திரும்பி வருவது எப்படி என்று இருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

---

பழையமணி:

லாக் விஷயத்தில் நடுஇரவு சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். லாங்ஜம்ப் மட்டும் வேண்டாம் தம்பி. செட்ஜம்ப்புக்குப் பிறகு மாற்றிய லோக்கல் வேரியபிள் வாலட்டைல் என்று அறிவிக்கப்படவில்லையென்றால், திரும்பி வரும்போது அதில் என்ன இருக்கும் என்று உத்தரவாதம் கிடையாது. 800 வரிக்கு அந்தத் தலைவலி எதற்கு?

---

எடைக்கல்:

ரொம்ப நன்றி. ஏடிஓஐ பற்றிய ஊகமும் சரிதான், வெட்கமாக இருக்கிறது.

நேற்று உட்கார்ந்து மாற்றினேன். எர்நோவை எடுத்து வைக்கிறேன், ஹேண்டிலுக்குள் பிழை விவரம் இருக்கிறது, லைப்ரரியில் லாக்கே இல்லை. ஸ்ட்ரெர்ரர் த்ரெட்டுகளுக்கு ஆகாது என்று எங்கோ படித்ததால் பெயருக்குப் பின்னால் ஆர் போட்ட ஸ்ட்ரெர்ரர்_ஆர் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, ஹேண்டிலில் இருக்கும் 128 பைட் பஃபரைக் கொடுத்தேன். எண் 13 சரியாக வருகிறது. ஆனால் செய்தி இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது! ஃபைலின் தலையில் ஜிஎன்யு சோர்ஸ் மேக்ரோ போட்டிருக்கிறேன், வேறொரு ஃபங்ஷனுக்காக.

---

வரிக்குவரி:

எல்லாரும் ஒருமுறை விழுகிற பள்ளம் அது. அந்தப் பெயரில் இரண்டு ஃபங்ஷன் இருக்கிறது. பாசிக்ஸ் தரம் சொல்வது இன்ட் (முழு எண்) திருப்பித் தரும், செய்தியை உங்கள் பஃபரில் எழுதும். அந்த மேக்ரோ இருந்தால், லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்ஸி கொடுப்பது வேறு. அது செய்தியின் பாயிண்டரைத் திருப்பித் தரும், தெரிந்த எண்ணாக இருந்தால் உங்கள் பஃபரைத் தொடவே தொடாமல் போகலாம். நீங்கள் ரிட்டர்னைக் கண்டுகொள்ளாமல் பஃபரை அச்சடித்திருப்பீர்கள்.

அந்த ஒரு கூப்பாட்டை மட்டும் மேக்ரோ இல்லாத தனி ஃபைலில் போட்டுவிடுங்கள். பஃபரில் செய்தி வரும்.

சோதனைக்கு: போர்ட் ஃபைலின் அனுமதியைப் பறித்துவிட்டு, ரூட் அல்லாத யூசராக ஓட்டினால் 13. போர்ட் பெயருக்குப் பதில் ஏதாவது டெக்ஸ்ட் ஃபைலைக் கொடுத்தால் செட்டிங் கட்டத்தில் 25, இந்த முறை நியாயமான 25. ரசீதை ஃபைலில் எழுதுகிறீர்கள் என்றால் டெவ்-ஃபுல்லுக்கு (எப்போதும் நிறைந்தது போல நடிக்கும் டிவைஸ் ஃபைல்) எழுதிப் பாருங்கள், டிஸ்க் நிறைந்தது என்று 28 வரும். ஆனால் பஃபர் காலியாகும்போதுதான் வரும். எஃப்பிரிண்ட்எஃப் ஜெயித்துவிட்டு எஃப்க்ளோஸ் தோற்கும், அதன் ரிட்டர்னையும் பாருங்கள்.

---

எடைக்கல்:

தனி ஃபைலில் போட்டதும் வந்துவிட்டது. ஆலையில் நிறுவிவிட்டு, வேண்டுமென்றே யூசரை டயல்அவுட்டிலிருந்து எடுத்து சர்வீஸை மறுபடி ஓட்டினேன். ஜர்னலில்: "கட்டம்: திறத்தல், எண் 13, பர்மிஷன் டினைட்". கணக்கு எழுதுபவரை அதைப் படிக்கச் சொன்னேன். "பர்மிஷன் இல்லையாம், யாரிடம் கேட்கணும்?" என்றார்.

எஃப்க்ளோஸைப் பார்க்கவே இல்லை நான், இன்றைக்கு அதுதான் வேலை. ஒரு சந்தேகம்: மற்ற இரண்டு இடங்களில் பழைய ஃபங்ஷனையே கூப்பிடுகிறார்கள். -1 தருகிற அதை எடுத்துவிடலாமா?

---

பழையமணி:

எடுக்க வேண்டாம். பழைய பெயரை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே புதியதைக் கூப்பிடச் செய்யுங்கள். ஹெடரில் மட்டும் "எடை மைனஸ் ஆகலாம், புதியதைப் பயன்படுத்துக" என்று ஒரு வரி போடுங்கள்.